தொட்டவரும் அவரே, குருவிடம் அனுப்பியவரும் அவரே

வானொலி மறையுரை
பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு, உலக நோயாளர் நாள் (11 பிப்ரவரி 2024)
வாசகங்கள்: லேவியர் 13:1-2, 44-46; 1 கொரிந்தியர் 10:31-11:1; மாற்கு 1:40-45



இந்த ஆண்டு லூர்து மாதாவின் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்திருக்கிறது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தி, 1993 முதல் திருஅவை கொண்டாடிவரும் உலக நோயாளர் நாளும் இன்றுதான். இன்றைய வாசகங்களோ தொழுநோயாளரைப் பற்றிப் பேசுகின்றன. இந்த மூன்றும் ஒரே நாளில் கூடி வந்திருப்பதால், நாம் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு காரியத்தை இன்று எடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதுதான் கொரோனா காலம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11இல் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2023 மே 5இல் அவசரநிலை முடிந்ததாகச் சொன்னது. ஆனால் வீடு சந்திக்கப் போகும் இடங்களில் இரண்டு கேள்விகள் இன்னும் முடியவில்லை. ஒன்று: "கோவிலை ஏன் சாமி மூடினீங்க? கடவுள் மேல நம்பிக்கை இல்லையா?" இன்னொன்று, குரலைத் தாழ்த்திக் கேட்பது: "எங்க அம்மா அவஸ்தைப்பூசுதல் இல்லாமலே போயிட்டாங்க சாமி. அவங்க ஆன்மா என்ன ஆகும்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் இறைவார்த்தையின் ஒளியில் விடை தேடுவோம்.

முதல் வாசகத்திலிருந்து தொடங்குவோம். லேவியர் நூலில் வரும் குரு மருந்து கொடுப்பவர் அல்ல, பார்வையிடுபவர். தோலில் தடிப்போ வெண்படலமோ கண்டால் மக்கள் அவரிடம் வரவேண்டும். ஐயம் இருந்தால் 7 நாள் தனியே வைக்கிறார். மறுபடி பார்க்கிறார். தெளிவில்லை என்றால் இன்னும் 7 நாள். நூலைத் தொடர்ந்து வாசித்தால், ஆடையில் படியும் பூஞ்சையையும் வீட்டுச் சுவரில் படரும் கறையையும்கூட அவரே சோதிக்கிறார். இன்றைக்குச் சுகாதார ஆய்வாளர் செய்யும் வேலையை அன்று பலிபீடத்தில் நின்றவர் செய்திருக்கிறார். இறைவனுக்குப் பலி செலுத்துவதும் ஊரின் உடல்நலத்தைக் காப்பதும் இஸ்ரயேல் மக்களுக்கு இரண்டு தனித்தனி உலகங்கள் அல்ல.

நம் பக்கத்துக் கிராமங்களுக்கும் இது புதிதல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். அந்த வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். பக்தியும் தனித்திருத்தலும் அங்கே ஒரே வழக்கமாகப் பின்னிக் கிடந்தன. 2020இல் சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா மக்கள் கூட்டமின்றிக் கழிந்தபோது, நம் இந்து சகோதரர்களில் பெரியவர்கள் பலருக்கு அதன் காரணத்தை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். விவிலியம் தொழுநோய் என்று சொல்வது பலவகைத் தோல்நோய்களைக் குறிக்கும். இன்று நாம் தொழுநோய் என்று அழைப்பது கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகக்கூடியது. அது சாபமும் அல்ல, பாவத்தின் தண்டனையும் அல்ல. இந்த வாசகத்தைக் காட்டி யாரையும் ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

இப்போது நற்செய்திக்கு வருவோம். தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்து முழந்தாளிடுகிறார். இயேசு பரிவுகொண்டு கையை நீட்டித் தொடுகிறார். நோய் நீங்குகிறது. நாம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் இயேசு நிறுத்தவில்லை. குருவிடம் போய்க் காட்டு, மோசே கட்டளையிட்டதைச் செய் என்று அந்த மனிதரைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். குணமாக்கியவரே சட்டத்தின் ஆய்வுக்கும் அனுப்புகிறார். அவருடைய புதுமை, ஊரின் நலனுக்காக உள்ள ஒழுங்கைத் தாண்டிக் குதிக்கவில்லை.

அதன்பின் மாற்கு சொல்வதைக் கவனியுங்கள். குணமடைந்தவர் சொன்ன சொல்லைக் கேட்காமல் எங்கும் செய்தியைப் பரப்புகிறார். அதனால் இயேசு ஊருக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல், வெளியே தனிமையான இடங்களில் தங்கவேண்டியதாகிறது. ஊருக்கு வெளியே இருந்தவர் உள்ளே வந்துவிட்டார், உள்ளே இருந்தவர் வெளியே போய்விட்டார். ஒதுக்கப்பட்டவரின் இடத்தை ஆண்டவர் எடுத்துக்கொண்டார். தனிமைப்படுத்தப்பட்ட வார்டில் ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்பவர்களுக்கு மாற்கு தரும் பதில் இது.

அன்பார்ந்தவர்களே, 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, ஏப்ரல் 12 பாஸ்கா. பூட்டிய கோவிலுக்குள் குருக்கள் திருப்பலி நிறைவேற்ற, நீங்கள் கைப்பேசியில் பார்த்தீர்கள். தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் பொதுவாகத் திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. காவி உடுத்தி, நடந்தே வேளாங்கண்ணிக்குப் போகும் நம் மக்கள் அந்த ஆண்டு போகவில்லை. ஆரோக்கிய மாதாவின் திருவிழாவே பக்தர் கூட்டமின்றி நடந்தது. லூர்து திருத்தலமும் அந்த மார்ச் 17இல் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக வாசலை மூடியது.

ஏன் கோவில்? பலர் நினைப்பதுபோல அது கோவிலின் மேல் விழுந்த பழி அல்ல. அந்த நோய் மூச்சுக்காற்றின் வழியே, பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகளின் வழியே பரவியது. 2020 மார்ச் 10இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடற்குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டதாகச் சுகாதாரத் துறையினர் பின்னர் கணக்கிட்டார்கள். 2 பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை, சேர்ந்து பாடினார்கள், அவ்வளவுதான். நம் வழிபாட்டில் எவை எல்லாம் அழகோ, அதாவது நெருங்கி உட்காருவது, உரக்கப் பாடுவது, கைகுலுக்கிச் சமாதானம் சொல்வது, ஒரே சிலுவையை வரிசையாக முத்தமிடுவது, அவை எல்லாம் அந்த நோய்க்கு வழியாக அமைந்தன. நம் ஒன்றிப்பின் அடையாளங்களே சில மாதங்களுக்கு அயலாருக்கு ஆபத்தாயின.

இங்கேதான் இரண்டாம் வாசகம் நமக்கு வழிகாட்டுகிறது. கொரிந்து நகரில் ஒரு சிக்கல். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா? பவுலடியார் உண்பதைத் தம்மளவில் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இன்னொரு சகோதரருக்குக் கேடாகுமானால் விட்டுவிடு என்கிறார். தம் சொந்த நன்மையை அல்ல, பலருடைய நன்மையையே தேடுவதாகச் சொல்லி முடிக்கிறார். திருப்பலிக்கு வருவது நம் உரிமை மட்டுமல்ல, கடமை. ஆனாலும் அந்த மாதங்களில் என் பக்கத்தில் முழந்தாளிடும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவின் உயிரும் என் கணக்கில் சேர்ந்தது. திருஅவைச் சட்டம் 1248 இதற்கு முன்பே இடம் வைத்திருக்கிறது. கனமான காரணத்தால் ஞாயிறு திருப்பலியில் பங்கேற்க இயலாதபோது, இறைவார்த்தை வழிபாட்டிலோ, குடும்பமாகச் செபிப்பதிலோ நேரம் செலவிட அது நம்மை அழைக்கிறது. வீட்டில் செபமாலை சொன்ன நீங்கள் திருஅவைக்கு வெளியே இருக்கவில்லை.

"விசுவாசம் இருந்தால் நோய் வருமா?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்த நாள்களில் நம் வீடுகளில் அதிகம் செபிக்கப்பட்டது 91ஆம் திருப்பாடல். கொள்ளைநோய்க்கு அஞ்சவேண்டியதில்லை என்று ஆறுதல் தரும் பாடல் அது. நல்ல செபம். ஆனால் மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் உச்சியில் நின்று அலகை இயேசுவுக்கு எடுத்துக்காட்டியதும் இதே திருப்பாடலைத்தான். குதித்துவிடும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றது. கடவுளைச் சோதிக்கக்கூடாது என்று சொல்லி இயேசு மறுத்தார். ஆகவே அந்தப் பாடலைச் செபித்துக்கொண்டு முகக்கவசம் போடுவது விசுவாசம். அந்தப் பாடலைச் செபித்ததால் முகக்கவசம் வேண்டாம் என்பது உச்சியிலிருந்து குதிப்பது. சீராக் நூல் 38ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவர், நிலத்திலிருந்து மருந்தை விளையச் செய்பவரும் அவரே. நோயுற்றால் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு.

திருஅவையின் வரலாற்றில் மிலான் நகரம் இதற்கு ஒரு பாடம். 1576இல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது புனித சார்லஸ் பொரோமியோ ஆயராக இருந்தார். தொடக்கத்தில் அவர் தவப்பவனிகள் நடத்தினார். பின்னர் மக்கள் வீடடங்கி இருக்கும் நிலை வந்தபோது, தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைத்துத் திருப்பலி நடக்கச் செய்தார். மக்கள் ஜன்னலில் நின்றபடியே பங்கெடுத்தார்கள். தம் இல்லத்துத் திரைச்சீலைகளையும் ஏழைகளுக்கு ஆடை தைக்கக் கொடுத்தார். 54 ஆண்டுகள் கழித்து அதே நகரில் மீண்டும் கொள்ளைநோய். புனிதரின் திருவுடலைப் பவனியாகக் கொண்டு வரவேண்டும் என்று மக்கள் வற்புறுத்த, 1630 ஜூன் 11இல் பெருங்கூட்டத்தோடு பவனி நடந்தது. அதற்குப் பிந்திய நாள்களில் சாவு மிகவும் பெருகியது. ஒரே நகரம், ஒரே புனிதர், ஒரே பக்தி. ஆனால் ஒருமுறை பக்தி மக்களின் வாசலுக்குப் போனது. இன்னொருமுறை மக்களைக் கூட்டமாகத் தெருவுக்கு இழுத்தது. கோவில் கதவை மூடுவது வேறு, மக்களைக் கைவிடுவது வேறு. முதலாவது சில வேளைகளில் அன்பின் கடமை. இரண்டாவது எப்போதும் பாவம்.

உங்கள் மனத்தாங்கல் ஒன்றும் எனக்குத் தெரியும். 2020 மே மாதத்திலேயே மதுக்கடைகள் திறந்தன. கோவில்கள் செப்டம்பர் வரை காத்திருந்தன. இது நியாயமா என்று கேட்டீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். எது மனிதருக்கு இன்றியமையாதது என்று முடிவு செய்யும்போது அரசுகள் ஆன்மாவின் பசியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆனால் மதுக்கடை வரிசையில் தவறு நடந்தது என்பதால், கோவில் வரிசையில் நோய் பரவாமல் இருந்துவிடாது. பிறருடைய தவறு நம் அயலாரின் உயிருக்கு ஈடாகாது.

நாம் மனந்திரும்ப வேண்டிய இடம் வேறொன்று. அந்த நாள்களில் நோயைவிட வேகமாகப் பரவியவை வதந்தியும் வெறுப்பும். கோழி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட, நாமக்கல் பண்ணைகளில் முட்டை தேங்கி விலை விழுந்தது. அதை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் தவித்தன. பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கட்டளை கைப்பேசியில் அனுப்பும் செய்திக்கும் பொருந்தும். தில்லியில் நடந்த ஒரு கூட்டத்தைக் காட்டி, ஒரு சமயத்தார் அனைவரையும் நோயின் பெயரால் பலர் ஏசினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் சிலர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருதியது. அதே நோய் தென்கொரியாவிலும் பிரான்சிலும் கிறிஸ்துவின் பெயரால் கூடிய கூட்டங்களிலிருந்தும் பரவியது என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். சென்னையில் 2020 ஏப்ரலில், நோய்த்தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைக் கல்லறையில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. உடன் பணிசெய்த மருத்துவரே இரவில் மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்த நமக்கு, அதைத் தடுப்பதைத் தண்டிக்க அரசு ஓர் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்பது வெட்கம்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. அவஸ்தைப்பூசுதல் இல்லாமல், உற்றார் முகம் பாராமல், பையில் சுற்றிக் கொடுக்கப்பட்ட உங்கள் தாய், தந்தை, கணவர், மனைவி, பிள்ளை. அவர்களைப் பற்றித் திருஅவை என்ன சொல்கிறது?

2020 மார்ச் 20ஆம் தேதியே உரோமையிலிருந்து பாவமன்னிப்புக்கான திருப்பீட நீதிமன்றம் ஓர் ஆணை வெளியிட்டது. நோயில் பூசுதலும் இறுதி நற்கருணையும் பெற முடியாமல் இறக்கும் நிலையில் இருப்போரைத் திருஅவை இறைஇரக்கத்தில் ஒப்படைத்தது. வாழ்நாளில் செபிக்கும் வழக்கம் உடையவராகவும் நல்ல மனநிலையோடும் இருந்தால், சாவு வேளையில் அவர்களுக்குப் பரிபூரண பலனை வழங்கியது. வழக்கமாகத் தேவைப்படும் நிபந்தனைகளைத் திருஅவை தானே ஈடுசெய்யும் என்றது. இதன் பொருள் என்ன? மருத்துவமனைக் கதவுக்கு வெளியே குரு நின்றிருந்தாலும், கதவுக்கு உள்ளே திருஅவை இருந்தது.

பெரியவர்களுக்கு உத்தம மனஸ்தாபம் என்ற சொல் தெரியும். தண்டனைக்கு அஞ்சி அல்ல, கடவுளை அன்பு செய்வதால் எழும் மனத்துயர் அது. முடிந்தவுடன் ஒப்புரவு அருளடையாளம் பெறும் உறுதியோடு அப்படி மனம் வருந்துவோருக்குச் சாவான பாவமும் மன்னிக்கப்படுகிறது என்பது திருஅவையின் பழைய போதனை. சிறுவயது முதல் இரவுதோறும் அந்த மந்திரத்தைச் சொல்லிப் பழகிய உங்கள் அம்மாவின் உதடு, ஆக்சிஜன் முகமூடிக்குள் அதை மறந்திருக்குமா? கடவுள் அருளடையாளங்களை நமக்குத் தந்தார். ஆனால் தம் கைகளை அவற்றால் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை.

உடலை எரித்துவிட்டார்களே என்று அழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1963 முதல் திருஅவை தகனத்தை அனுமதிக்கிறது. அடக்கம் செய்வதே நாம் விரும்பும் முறை என்றாலும், மண்ணிலிருந்து மனிதரை உருவாக்கியவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கடினம் அல்ல.

தனியாக இறந்தார்கள் என்கிறோம். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் அமைத்தார்கள். அங்கும் நம் அரசு மருத்துவமனைகளிலும், மூச்சுத் திணறியவர்களின் கையைக் கையுறைக்குள்ளிருந்து பிடித்த செவிலியர்கள் இருந்தார்கள். அவர்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இன்றைய நற்செய்தியில் நீண்ட அந்தக் கை அவர்களுடைய கைகளிலும் நீண்டது.

லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம் ஒருவரை வெளியே அனுப்புகிறது. 14ஆம் அதிகாரம் குணமானவரைத் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்ளும் சடங்கை நீளமாக விவரிக்கிறது. நாம் 13ஐ நிறைவேற்றினோம், 14ஐ இன்னும் முடிக்கவில்லை. ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன்.

அந்த இரண்டு ஆண்டுகளில் சரியான இறுதிச் சடங்கு இல்லாமல் போனவர்களுக்காகத் திருப்பலிக் கருத்துக் கொடுங்கள். அன்பியக் கூட்டத்தில் அவர்கள் பெயரை உரக்கச் சொல்லிச் செபியுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் நம் நடுவே வளர்கிறார்கள். இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி தந்தது. ஆனால் பள்ளிக்கூட நாடகத்தைப் பார்க்க வருவதற்கு ஒரு பெரியப்பாவும் சித்தியும் வேண்டும். அதை அரசு தர முடியாது, நாம் தரலாம்.

வரும் புதன் சாம்பல் புதன். 2021இல் குரு ஒரே தடவை அனைவருக்குமாக வார்த்தையைச் சொல்லி, முகக்கவசம் அணிந்து, பேசாமல் தலையில் சாம்பல் தூவவேண்டும் என்று உரோமை அறிவுறுத்தியது. இந்த ஆண்டு நெற்றியில் சிலுவை வரையும் விரலை உணரும்போது, அந்தத் தொடுதல் ஒரு கொடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் இருமலும் இருந்தால் வீட்டில் இருந்து செபியுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். சொல்லி அனுப்பினால் நற்கருணை உங்கள் வீட்டுக்கு வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காசநோய்ச் சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று மறைத்து வைக்கவேண்டாம்.

லூர்து நகரில் குணம் பெற்றதாக யாராவது சொன்னால், திருஅவை உடனே புதுமை என்று அறிவிப்பதில்லை. 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் சோதிக்கிறார்கள். 2024 தொடக்கம் வரை 70 குணமாதல்களே புதுமை என்று ஏற்கப்பட்டிருந்தன. குருவிடம் போய்க் காட்டு என்ற ஆண்டவரின் சொல்லுக்கு அங்கே இன்றும் கீழ்ப்படிகிறார்கள். புதுமைக்கும் பரிசோதனை உண்டு. பரிசோதனைக்கு அஞ்சுவது விசுவாசம் அல்ல.

தொடும் கையும், ஒழுங்கை மதிக்கும் மனமும் ஆண்டவரிடம் ஒன்றாக இருந்தன. அவை நம்மிடமும் பிரியாதிருக்க அருள் வேண்டுவோம். நோயுற்றோரின் ஆரோக்கியமான மரியே, படுக்கையில் இருப்போருக்காகவும், அவர்களைப் பேணுவோருக்காகவும், விடைபெறாமல் பிரிந்துபோன நம் உறவுகளுக்காகவும் உம் திருமகனிடம் பரிந்து பேசும். எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.